அவளுக்கென்று வைத்த நிறம்

எங்கள் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் டாக்டர்கள் மூன்று பேர். தலைமை நான். கதவுப் பலகையில் என் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். ஆனால் யார் கண்ணுக்கும் சிக்காத நிற நோய்களை முதலில் பார்த்தது யார் என்று கேட்டால், பாதிக்கு மேல் படக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் ஆசையில்லை. நான் அவ்வளவு பெரிய மனசுக்காரி கிடையாது. உண்மை அதுதான் என்பதால் சொல்கிறேன்.

படக்காரர் மருத்துவம் படித்தவரல்ல. ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டித் தரும் கடைக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், அழுகிற குழந்தையைச் சிரிக்க வைத்து எடுத்த படம், அவ்வளவுதான் அவர் தொழில். எங்களுக்கு நோயாளிகளின் தோலைப் படம் எடுத்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் ஸ்டுடியோ என்று ஒத்துக்கொண்டு வந்தார்.

வந்த முதல் வேலையிலேயே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பத்து வயதுப் பெண் குழந்தை. நெற்றி நடுவில் வெள்ளைத் திட்டு, அதற்கு நேர் மேலே ஒரு கொத்து முடியும் வெள்ளை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெற்றவர்கள் அதை வெண்புள்ளி என்று நினைத்துப் பத்து வருடமாகக் கண்ட களிம்பையும் பூசிக்கொண்டிருந்தார்கள். அது வெண்புள்ளி இல்லை, கருவிலேயே அந்த இடத்துக்கு நிறம் போய்ச் சேராத அரிய குறை, அந்தக் குழந்தைக்கு வேறொரு கெடுதலும் வராது என்று சொல்லிவிட்டு, பதிவுக்குப் படம் எடுக்கச் சொன்னேன். மறுநாள் படம் வந்தது. குழந்தை பளிச்சென்று இருந்தது. திட்டைக் காணோம்.

"பாவம், பொம்பளப் பிள்ளை. கொஞ்சம் சரி பண்ணிட்டேன்" என்றார்.

"எதைச் சரி பண்ணினீங்க?"

"அந்த வெள்ளையைத்தான்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. "படத்துலயே குணமாக்கிட்டா நான் எதுக்குய்யா இங்க உக்காந்திருக்கேன்?" என்று கத்தினேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. "நாளைக்கு அந்தப் பிள்ளை இந்தப் படத்தைப் பாத்தா அழுமே டாக்டரம்மா" என்றார்.  அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

பிறகு கற்றுக்கொண்டார். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. தோலுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். அந்த அட்டையின் நிறம் மாறாது. இன்றைய படத்தையும் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தையும் அட்டையை வைத்து ஒப்பிட்டால், மாறியது வெளிச்சமா தோலா என்று தெரிந்துவிடும். அட்டை இல்லாத படத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அவர் என்னைவிட மோசம். வேறு ஊரிலிருந்து வரும் நோயாளி பழைய படத்தை நீட்டினால், "அட்டை எங்க?" என்று கேட்டு அந்த மனிதரைத் திகைக்க வைப்பார். ஆஸ்பத்திரிப் படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டார். ஸ்டுடியோவில் பழையபடி எல்லோர் முகத்தையும் இரண்டு சுற்று வெளுப்பாக்கித் தருவார். "அது எப்படிய்யா, காலையில அரிச்சந்திரன், சாயங்காலம் வேற ஆளா?" என்று கேட்டேன். "இது தெரிஞ்சுக்கறதுக்கு எடுக்கற படம். அது சந்தோஷப்படறதுக்கு எடுக்கற படம்" என்றார்.

அவருடைய கண் எங்களுக்குப் பழகிப்போனது. ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் அரிப்பு என்று ஒரு தாய் தூக்கி வந்தாள். களிம்பு எழுதி, பதிவுக்குப் படம் எடுக்க அனுப்பிவிட்டேன். படம் எடுத்த கையோடு அவர் என் அறைக்கு வந்தார். "முதுகுல வெளிறின இடம் ஒண்ணு இருக்கு. ஒண்ணுதானான்னு சந்தேகமா இருக்கு. விளக்கைப் போட்டுப் பாக்கறீங்களா?" புற ஊதா விளக்கு ஒன்று எங்களிடம் உண்டு. அறையை இருட்டாக்கி அதைப் பிடித்தால், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத வெளிறல்கூடத் தெரியும். பிடித்தேன். ஐந்து. ஐந்தும் நீளவாட்டில், இலை போல. "குழந்தை திடீர் திடீர்னு தலையைக் குனிஞ்சு குலுங்குதா?" என்று தாயைக் கேட்டேன். "தூங்கி எழுந்ததும் நாலஞ்சு தடவை அப்படிப் பண்ணும். பயந்துக்குதுன்னு நினைச்சேன்" என்றாள். அது பயமில்லை, வலிப்பு. மூளையில் கட்டிகள் வளரும் அரிய நோய்க்கு அந்த இலைகள்தான் முதல் அறிகுறி. அன்றைக்கே நரம்புப் பிரிவுக்கு அனுப்பினோம். மருந்துக்கு வலிப்பு அடங்கியது. அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

எல்லாம் இப்படி முடியாது. இரண்டரை வயதுப் பையன் ஒருவன் முகம் நிறையப் பழுப்புப் புள்ளிகளோடு வந்தான். மச்சம் என்று இரண்டு டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "சட்டை மூடற இடத்துல ஒண்ணுகூட இல்லை டாக்டரம்மா. ஜன்னல் பக்கம் திருப்பினாலே அழறான்" என்றார் படக்காரர். வெயில் பட்ட தோலைச் செப்பனிட அந்த உடம்புக்குத் தெரியாது. ஒவ்வொரு வெயிலும் அதில் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் புற்றில் முடியும். இனி அவனைப் பகலில் வெளியே விடாதீர்கள் என்று அவன் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அன்று படக்காரர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் வேறு எதையெல்லாமோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டுடியோவின் முன்பக்கம் அவள் ராஜ்ஜியம். சட்டைக் காலரை இழுத்துவிடுவது, தலை வாரிவிடுவது, உம்மென்று உட்கார்ந்திருப்பவரை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பது எல்லாம் அவள். படக்காரர் அவளை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி எங்கள் பிரிவுக்கு வருவாள். எனக்கும் ஒரு பங்கு இருக்கும். "அக்கா, இவர் வீட்டுலயும் என்னை அட்டை பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்றார், என்னன்னு கேளுங்க" என்பாள். என்னைக் கேலி பண்ண அந்தக் கட்டடத்திலேயே தைரியம் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவள் வந்துபோனால் என் கோபம் ஒரு மணி நேரத்துக்கு இறங்கியிருக்கும் என்று நர்ஸுகள் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

அவர்களுடைய கல்யாணப் படத்தில் அவள் முகத்துக்கு அவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு நிறம் கொண்டுவந்திருந்தார். வெளுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, அப்போதுதான் முகம் கழுவி வந்த மாதிரி ஒரு நிறம். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. "எப்பவும் எனக்கு இந்தக் கலரையே வெச்சுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த நிறத்தை ஓர் அளவாக அதில் சேமித்து, 'முதலாளி' என்று பெயரும் வைத்துவிட்டார். அவள் முகத்தை எப்போது எடுத்தாலும் கல்யாண நாள் நிறத்துக்கு வந்து நிற்கும். கையால் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தானாகவே நடந்துவிடும். அவளை அவர் ஓயாமல் எடுத்துக்கொண்டே இருப்பார். வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூட அவளைத்தான் உட்கார வைப்பார்.

ஒரு கட்டத்தில் அவள் மாடிக்கு வருவது நின்றுபோனது. அதற்குப் பிறகு படக்காரரே கீழே போய்ப் பாத்திரத்தை வாங்கி வந்தார், நான் அவளைப் பார்க்கவில்லை.

"முதலாளிக்கு என்ன ஆச்சு? எங்க மேல கோபமா?" என்று கேட்டேன்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதாம். இளைச்சும் போயிட்டா."

"இளைக்கறதுக்கு என்ன செய்யறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்கும் தேவைப்படுது" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அவர்களுக்கு ஒரே மகள். தொலைவில் வேலை. ஒன்றரை வருடம் கழித்து லீவில் வந்தவள், வாசலில் பையை வைத்ததும் வைக்காததுமாக, "ஏம்மா இப்படிக் கறுத்துட்டே?" என்று கேட்டிருக்கிறாள். "வெயில்ல நிக்கறேன்ல" என்று தாய் மழுப்பினாள். மகள் விடவில்லை. போகும்போது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தோல் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறீங்க, அம்மாவை ஒரு தடவை காட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசி நோயாளி போன பிறகு அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். "அவ கறுத்திருக்காளான்னு எனக்குத் தெரியல டாக்டரம்மா. தினமும் பாக்கற முகம். கண்ணு ஏமாத்துது."

"கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

"வரமாட்டேங்கறா. நிக்க வெச்சுப் படம் எடுப்பீங்க, எல்லாரும் பாப்பாங்கன்னு கூச்சம். நானே மத்தவங்களை அப்படி நிக்க வெச்சு எடுக்கறவன்தானே, என்னால வற்புறுத்த முடியல."

"சரி, அவங்க படம்தான் உங்ககிட்ட குவிஞ்சு கிடக்குமே. மூணு வருஷத்துப் படத்தை வரிசையா கொண்டு வாங்க."

நான் யார் என்றால், போனில் படத்தைக் காட்டும் நோயாளியிடம், "போனை எதுக்குக் காட்டறே, தோலைக் காட்டு" என்று சீறுகிறவள். நான்தான் இதைச் சொன்னேன். எதிரே இருந்த ஸ்டுடியோவுக்கு நடந்துபோக எனக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

மறுநாள் நான்கு படங்களை அச்சிட்டு எடுத்து வந்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். படங்களை வரிசையாக வைத்து, லென்ஸை வைத்தும் பார்த்தேன். முகம் வற்றியிருந்தது. கன்ன எலும்பு தெரிந்தது. நிறம் நான்கிலும் ஒன்றேதான்.

"நிறம் மாறவே இல்லை. இளைச்சதால கன்னத்துல நிழல் விழுது, அதைப் பாத்துட்டு உங்க பொண்ணு பயந்திருக்கா. ரத்தம் கம்மியா இருக்கும். சத்து மாத்திரை எழுதறேன்."

"சாப்பாட்டுல உப்பே இல்லைன்னு சண்டை போடறா டாக்டரம்மா. தனியா எடுத்து வாயில போட்டுக்கறா."

"நாக்கு செத்திருக்கும். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. இரண்டு கையாலும் சீட்டை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போனார்.

அந்த நான்கு படங்களிலும் சாம்பல் அட்டை இல்லை. அவருக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் அவை சந்தோஷப்படுவதற்காக எடுத்தவை. எனக்கும் தோன்றவில்லை. அதற்கு என்னிடம் காரணம் இல்லை. வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் அந்தப் படங்களை முகத்தில் எறிந்திருப்பேன். படக்காரர் கொடுத்த படம் பொய் சொல்லாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாரம் போனது. அவளுக்குக் காய்ச்சல், பிறகு இரண்டு நாள் ஓயாத வாந்தி. மூன்றாம் நாள் மதியம் எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். அவர் கீழேயிருந்து எனக்குப் போன் பண்ணினார். நோயாளியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

கட்டிலில் கிடந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் அவர் நின்றதால்தான் தெரிந்தது. "அக்கா" என்றாள், சத்தமே வராமல். கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினேன். ரேகைகள் ஒவ்வொன்றும் பேனாவால் வரைந்தது போல் கறுத்திருந்தன. உதட்டை விலக்கினேன், ஈறில் நீலக் கறுப்பாகத் திட்டுகள். விரல் முட்டிகள், முழங்கையில் இருந்த பழைய தழும்பு, எல்லாம் கறுப்பு. பார்த்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் இரண்டு சுரப்பிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். லட்சத்தில் சிலருக்குத்தான் வரும். அந்தச் சுரப்பிகளை எழுப்ப மூளை அனுப்பும் சுரப்பு தோலையும் கறுக்க வைக்கும். உடம்பில் உப்பு தங்காது, அதனால் உப்பு உப்பு என்று நாக்கு அலையும். ரத்த அழுத்தம் தரைக்கு வந்துவிடும், சின்னக் காய்ச்சலைக்கூடத் தாங்காது. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டால் கிழவியாகும் வரை வாழலாம்.

பத்து நிமிடத்தில் ஊசி ஏறியது. உப்புநீர் இரண்டு கையிலும் ஏறியது. என்னால் முடிந்த கத்தல் எல்லாம் கத்தினேன். மாலை நான்கரைக்கு, பார்வையாளர்களை உள்ளே விடும் மணி அடித்துக்கொண்டிருந்தபோது, அவள் போய்விட்டாள்.

அவர் அழவில்லை. "என்ன வியாதி டாக்டரம்மா?" என்று கேட்டார். சொன்னேன்.

"அது தோல்ல தெரியுமா?"

"தெரியும்."

அவளுடைய உள்ளங்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எங்கள் அறையில் ஒவ்வொரு நோயாளியின் கையையும் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார். பிறகு, "முகத்துலயும் தெரியுமா?" என்றார்.

"முகத்துலயும் தெரியும்."

"அந்தப் படத்துல இருந்தது நான் வெச்ச கலர்" என்றார்.

 தப்பு உங்களுடையது மட்டும் இல்லை, என்னுடையதும்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எல்லோரையும் வாய் கிழியத் திட்டுகிறவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அவர் தோளில் கையை மட்டும் வைத்தேன். அதைக்கூட அவர் கவனித்தாரா என்று தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு பெரிய உறையோடு வந்தார். கேமராவில் விழுந்த மூலப் படங்களை அவர் அழித்ததே கிடையாது. எதையும் தொடாமல், அந்த மூன்று வருடத்து முகங்களை, தேதியோடு, பதினான்கு படங்களாக அச்சிட்டிருந்தார். வகுப்பில் காட்டும் படங்களில் நாங்கள் கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைப்போம். இவற்றில் மறைக்கவில்லை.

"மறைக்க வேண்டாம்னு பொண்ணும் நானும் பேசி முடிவு பண்ணினோம். படிக்கற பசங்களுக்குக் காட்டுங்க" என்றார்.

மேஜையில் பரப்பினேன். ஐந்தாவது படத்திலேயே சந்தேகம் வந்திருக்கும். எட்டாவதில் எந்த மாணவனும் சொல்லிவிடுவான். நான் வாங்கிப் பார்த்த அந்த நான்கில் கடைசி இரண்டும் அதற்கும் பிந்தியவை. தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அட்டை இல்லாத படத்தை நான் வாங்கியிருக்கக் கூடாது" என்றேன்.

"நானும் கொடுத்திருக்கக் கூடாது" என்றார்.

எனக்கு அவர் ஆறுதல் சொல்லவில்லை, நானும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பேசியதே இல்லை. ஸ்டுடியோவை மூடிவிட்டார். இப்போது முழுநாளும் எங்களோடுதான். நான் முன்பு போல் கத்துவதில்லை என்று நர்ஸுகள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களுக்கு அந்தப் பதினான்கு படங்களையும் திரையில் காட்டுகிறேன். படத்தை மாற்றிப் போடுவது அவர்தான். வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பின்வரிசைக்கும் பின்னால், இருட்டில், புரொஜெக்டர் பக்கத்தில் நிற்பார். அது யாருடைய முகம் என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்வதில்லை.

இந்த வருடமும் ஆறாவது படத்துக்கே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். பதினொன்றாவது படம் வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். நல்ல பெண், மனதில் கள்ளம் இல்லாமல்தான் கேட்டாள்.

"மேடம், இவ்வளவு தெளிவாத் தெரியுதே. இவங்க வீட்டுல யாருமே இவங்களைப் பாக்கலையா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் பின்பக்கத்து இருட்டிலிருந்து குரல் வந்தது.

"பாத்தேம்மா. தினமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு அழகாத்தான் தெரிஞ்சா."

அறையில் ஒருவரும் திரும்பவில்லை. அந்தப் பெண் கையை மெல்லக் கீழே இறக்கினாள். நான் சொல்லாமலே அடுத்த படத்தை அவரே போட்டார்.